ஆறாம் வாரத்தில் வந்த ஒன்பதாம் கதவு

என் சித்தி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலருகே போவாள். வெளியே பார்ப்பதற்கு அல்ல. திரைச்சீலையின் கீழ் ஓரத்தைத் திருப்பி, மடித்துத் தைத்த பட்டை எத்தனை விரல் அகலம் இருக்கிறது என்று பார்ப்பாள். அதன் பிறகுதான் வீட்டுக்காரர்களை நலம் விசாரிப்பாள். பட்டை மூன்று விரலுக்குக் குறைந்தால் விசாரிப்பும் குறையும். என் அக்காவின் புகுந்த வீட்டுக்கு முதல்முறை போனபோதும் இதையே செய்தாள். அக்காவின் மாமியார், இவள் எதையோ கீழே தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்துத் தானும் குனிந்து தேடினார்.

சித்தி எட்டாவது வரை படித்தவள். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். அதோடு, ஒன்பது வருடம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு வீட்டில் சாமான் அறையின் சாவி அவளிடம் இருந்தது. அவள் வகித்த ஒரே பதவி அதுதான். நியமனக் கடிதமோ அடையாள அட்டையோ கிடையாது, சாவிதான் எல்லாம். கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருப்பாள். குளிக்கப் போகும்போது கழற்றி வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்ப்பாள். சாவிக்குக் குளிர்கிறதா என்று சித்தப்பா கேட்பார்.

அந்தச் சாவி எப்படிப் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். எனக்கு அது தெரியவந்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இரண்டாம் வருடத்தில் ஒரு வகுப்பில், பேராசிரியை சுவரில் ஒரு பழைய இணையப் பக்கத்தைக் காட்டினார். கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்து. ஒரு தொலைக்காட்சித் தொடருக்குள் கம்பெனிக்கே தெரியாமல் கலையை ஒளித்துவைத்து, ரசிகர்களை இணையத்தில் வந்து பேசவைத்த இரண்டு ஓவியர்களைப் பற்றிய பாடம். பக்கத்தின் அடியில் ஓவியர்கள் இருவரின் பெயர்கள் இருந்தன. அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'துணி உதவி: ஒரு தையல்காரர்' என்று இருந்தது.

தொடரின் பெயரைப் பார்த்ததுமே அந்தத் தையல்காரர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை தூக்கிச் சொல்லியிருக்கலாம். இது பெருமைப்பட வேண்டியதா, மறைக்க வேண்டியதா என்று நான் முடிவெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சித்தியிடம் கேட்டேன். "அதுவா," என்று ஊசியில் நூல் கோத்தாள். கோத்து முடித்த பிறகுதான் சொன்னாள். மீதியை அந்தப் பழைய பக்கத்தில் படித்துக்கொண்டேன்.

படப்பிடிப்பு வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. கீழ்க்கூடத்தில் பெரிய சோபா, சாப்பாட்டு மேஜை, மாடிப்படி, வலப்பக்கம் ஒரு ஜன்னல். தொடரில் வரும் எல்லாமே அந்தக் கூடத்துக்குள் நடந்தது. மாமியார் சோபாவில் உட்கார்ந்திருப்பார். மாமனார் படியில் இறங்கி வருவார். மருமகள் ஜன்னலருகே நின்று அழுவாள். அந்த ஜன்னலைத் திறந்தால் அரை முழம் தள்ளிப் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவரும் அதில் ஒழுகும் ஒரு குழாயும்தான் தெரியும். அதனால் திரைச்சீலை எப்போதும் மூடியே இருக்கும்.

காலை ஆறரைக்குச் சித்தி போய்ச் சாமான் அறையைத் திறப்பாள். ஒரே காட்சியில் பாதியைத் திங்கட்கிழமையும் மீதியை அடுத்த வாரமும் எடுப்பார்கள். டிவியில் அது ஒரு நிமிடம் ஓடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் சோபாவில் இருந்த நீல உறை பச்சையாகிவிடக் கூடாது. அதற்குப் பெயர் கன்டினியூட்டி. சித்திக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதுதான் நீளமான சொல். கோடு போட்ட நோட்டில் பகுதி எண், காட்சி எண், எந்த உறை, எந்தத் திரை, எந்தப் பக்கம் சுருக்கம் என்றெல்லாம் எழுதிவைப்பாள். ஒருமுறை மாமியாராக நடித்தவர் நான்கு நிமிடம் அழுது முடித்து எழுந்த பிறகு, குஷன் தலைகீழாக இருந்தது என்று சொல்லி மறுபடியும் அழவைத்தாள். அன்று முதல் அந்த நடிகை சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். இயக்குநர் அவளுக்குப் 'போலீஸ் அக்கா' என்று பெயர் வைத்தார். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

மாலை ஏழரைக்கு வீட்டில் தொடர் ஓடும். சித்தப்பா பார்சல் ஆபீஸில் எழுத்தர். அவர் கதையைப் பார்ப்பார். சித்தி நடிகர்களுக்குப் பின்னால் பார்ப்பாள்.

"இன்னிக்கு உன் தலையணை நல்லா நடிச்சுது," என்பார் சித்தப்பா. "மாமனாரை விட அதுக்குத்தான் முகபாவம் ஜாஸ்தி."

அந்த ஓவியர்கள் இருவரும், சித்தி வாயில் தாடியும் சுருட்டையும், கடைக்கு வந்தது ஒரு பிற்பகலில். தாடி ஓவியக் கல்லூரியில் பகுதிநேர ஆசிரியர். சுருட்டை அவரிடம் படித்து முடித்த பெண், முடி அப்படி. இருவரும் முதலில் தொடர் கம்பெனிக்குப் போய்க் காவலாளியிடம் கலையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டைச் சாத்தியிருக்கிறார். சாத்தும்போது, உள்ளே இருக்கிற துணியெல்லாம் பின் தெரு அக்கா தைத்தது என்று ஒரு தகவல் மட்டும் கொடுத்திருக்கிறார்.

தாடி சொன்னது இதுதான். அவர்கள் கண்காட்சி வைத்தால் நாற்பது பேர் வருவார்கள், அதில் முப்பது பேர் டீக்காக. இந்தத் தொடரைத் தினமும் லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். அவர்கள் கண்காட்சிக்கு வரமாட்டார்கள் என்பதால் கண்காட்சிதான் அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். தொடரில் மருமகள் இரண்டரை வருடமாக அந்தக் கூடத்தை விட்டு வெளியே போனதில்லை. அவளுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையில் இலைகள் இருக்கும். இலைகளுக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கதவு. முதல் வாரம் மூடியிருக்கும். பிறகு வாரத்துக்கு ஒரு நூலளவு திறக்கும். பன்னிரண்டு வாரத்துக்குப் பன்னிரண்டு திரை. அதே சமயம் சுருட்டை இணையத்தில் ஒரு பக்கம் தொடங்குவாள். 'மருமகளுக்குப் பின்னால் பார்த்தீர்களா?' என்று மட்டும் அது கேட்கும். பார்த்தவர்கள் அங்கே வந்து எழுதலாம். துணி அவர்கள் செலவு. கம்பெனிக்கு மட்டும் தெரியக் கூடாது.

சித்தி யோசித்தாள். அவள் யோசித்தது கலையைப் பற்றி அல்ல. எட்டு மாதமாக அந்த ஜன்னலுக்குப் புதுத் துணி கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் அக்கா என்று மேனேஜரும் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தொங்கிய பழைய திரையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதைச் சுருக்கத்துக்குள் மறைத்து ஒவ்வொரு நாளும் லட்சக்கணக்கான பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். ஒளித்து வைப்பது அவளுக்குப் புதிதில்லை.

தாடி கொண்டுவந்த படங்களை மேஜையில் பரப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கதவு உள்ள தெறக்குமா, வெளிய தெறக்குமா?"

தாடி சுருட்டையைப் பார்த்தார். சுருட்டை படத்தைப் பார்த்தாள். ஆறு மாதமாக இந்தத் திட்டத்தைப் பேசியவர்கள் இதை மட்டும் பேசியிருக்கவில்லை.

"ஆறாவது படத்துல கீல் இந்தப் பக்கம் இருக்கு. ஏழாவதுல அந்தப் பக்கம் போயிடுச்சு. ஒரே கதவுதானே சார்?"

வெளியே திறக்கும் என்று கடைசியில் சித்தியே முடிவு செய்தாள். உள்ளே திறந்தால் நிற்கிற பெண்ணின் முதுகில் இடிக்கும் என்பது அவள் காரணம். பன்னிரண்டாவது படத்தில், முழுதாகத் திறந்த கதவுக்கு அப்பால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளையும் எடுத்துவிடச் சொன்னாள் சித்தி. ஆள் நின்றால் ஆளைத்தான் பார்ப்பார்கள், கதவை யார் பார்ப்பார்கள் என்றாள். கதவு வெளிப்பக்கமாக முழுவதும் திரும்பிவிட்டால் பலகையும் கண்ணில் படாது. நிலைச்சட்டம் மட்டும் மெல்லிய கோடாக இருக்கும், அதன் வழியே வெளியே அதே இலைகள் தெரியும். தாடி சித்தியையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருக்குத் தலைவலி என்று நினைத்து அவள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

பிறகு ஒன்று கேட்டாள். வாரம் ஒன்று என்றால் எந்த வாரம், எடுக்கிற வாரமா போடுகிற வாரமா? அவர்களுக்கு வித்தியாசம் புரியவில்லை. சித்தி விளக்கினாள். மருமகளாக நடிக்கும் பெண்ணுக்கு வேறு வேலைகள் உண்டு. அவள் வருகிற நாளில் நான்கு வாரத்துக்கான அழுகையைச் சேர்த்து எடுத்துவிடுவார்கள். எடுக்கிற வரிசைப்படி திரையை மாட்டினால், டிவியில் அந்தக் கதவு காற்றில் ஆடுவதுபோல் திறந்து திறந்து மூடும். தாடியும் சுருட்டையும் தலையாட்டினார்கள். அந்தப் பொறுப்பைச் சித்தி எடுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சா சாவியைப் புடுங்கிடுவாங்க," என்றார் சித்தப்பா.

"தெரிஞ்சாத்தானே."

இலைகளைச் சுருட்டை அச்சுக்கட்டையால் பதித்தாள். பன்னிரண்டு கதவுகளையும் சித்தி எம்ப்ராய்டரி போட்டாள். எடுக்கும் காட்சியின் பகுதி எண்ணை நோட்டில் பார்த்து, அதற்கு உரிய கதவை மாட்டினாள். சில நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குள் அந்த ஜன்னலில் நான்கு திரைகள் மாறின. ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

இணையப் பக்கம் வந்ததும் சுருட்டை சித்தியை ஒரு ப்ரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனாள். அந்தக் காலத்தில் ஒரு படம் மேலிருந்து கீழே இறங்கி முடிவதற்குள் சித்தப்பா முகச்சவரம் செய்து முடித்துவிடலாம். முதலில் திரை மாட்டும் கம்பி வந்தது. பிறகு சுருக்கங்கள், இலைகள், மருமகளின் தோள், கதவு. சுருட்டை எழுந்துவிட்டாள். சித்தி கீழ்ப்பட்டை வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

முதல் வாரம் அந்தப் பக்கத்தின் வருகைப் பதிவேட்டில் பதினொரு குறிப்புகள் இருந்தன. நான்கு சுருட்டையே வேறு வேறு பெயர்களில் எழுதியவை. இரண்டாம் வாரம் ஒரு நர்ஸ் எழுதினாள்: கதவு முந்தைய வாரத்தைவிடக் கொஞ்சம் விலகியிருக்கிறது, என் கண்ணில்தான் கோளாறா? அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு வங்கி ஊழியர் டிவி திரையின்மேல் அளவுகோலை வைத்து அளந்து எழுதினார். ஒருவர், தன் மனைவி தொடரைப் பார்க்கும்போது தான் பேப்பர் படிப்பது வழக்கம் என்றும், இப்போது தான் பார்ப்பதால் மனைவி பேப்பர் படிக்கிறார் என்றும் தெரிவித்திருந்தார். ஐந்தாம் வாரம் பதிவேடு நாற்பது பக்கம் தாண்டியது. அதிலிருந்து சில வரிகளைச் சுருட்டை கடையில் வந்து படித்துக் காட்டுவாள். சித்தி தைத்துக்கொண்டே கேட்பாள். அளவுகோல் வைத்தவர் சொன்ன அளவு சரியா என்று மட்டும் விசாரிப்பாள்.

ஆறாம் வாரம் மாமனாருக்குக் காய்ச்சல். கதையில் அல்ல, நடித்தவருக்கு. புதன்கிழமைப் பகுதியில் மூன்று நிமிடம் குறைந்தது. எடிட்டிங்கில் இருந்தவர், முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த அழுகைகளில் ஒன்றை எடுத்து ஒட்டினார். மருமகள் அழுவது எங்கே போட்டாலும் பொருந்தும். ஆனால் அவர் எடுத்தது ஒன்பதாம் வாரத்து அழுகை. புதன்கிழமை ஏழே முக்காலுக்கு டிவியில் கதவு முக்கால்வாசி திறந்து நின்றது. வியாழக்கிழமை பழையபடி பாதிக்கு மூடியிருந்தது.

சித்தி டிவியைப் பார்த்தபடி எழுந்து நின்றுவிட்டாள். சித்தப்பா யாராவது வந்துவிட்டார்களா என்று வாசலைப் பார்த்தார்.

சனிக்கிழமை தாடி கடைக்கு ஓடிவந்தார். பதிவேடு ஒரே நாளில் இருமடங்காகிவிட்டது. மருமகள் புதன்கிழமை வெளியே போகப் பார்த்தாள், யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். யார் என்பதில்தான் சண்டை. பெரும்பான்மை மாமியார் பக்கம் கை காட்டியது. சிலர் கணவன் என்றார்கள். அளவுகோல்காரர் கோணத்தைக் கணக்கிட்டு, இடது கைப் பழக்கம் உள்ள ஒருவரே இதைச் செய்திருக்க முடியும் என்று நிறுவியிருந்தார். திட்டத்தில் நடந்ததிலேயே மிகச் சிறந்த விஷயம் இதுதான் என்றார் தாடி. தாங்கள் திட்டமிட்டிருந்தால்கூட இது வந்திருக்காதாம்.

"திட்டம் போடாததால வந்தது சார். இது தப்பு."

"தப்புதான் அக்கா. ஆனா பாருங்க, தப்புக்குள்ள எவ்வளவு அர்த்தம் வந்திருக்கு."

"அர்த்தம் வந்தா தப்பு போயிடுமா?"

தாடி அதற்கு நீளமாக ஒரு பதில் சொன்னார். சித்திக்கு ஞாபகம் இல்லை. கல்லூரியில் எனக்கும் அப்படி ஒரு பதிலைச் சொல்லிக் கொடுத்தார்கள், தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். சித்தி கேட்ட கேள்விக்கு அது பதில்தானா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

நான்கு நாள் சித்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தனை பேர் ஒரு பிழையைப் பார்த்து உருகிக்கொண்டிருக்கிறார்கள், அது பிழை என்று தெரிந்தவள் சும்மா இருக்கிறாள். ஐந்தாம் நாள் தனியாக அந்த ப்ரவுசிங் சென்டருக்குப் போனாள். அவள் சொல்லச் சொல்ல சென்டர்காரர் டைப் அடித்தார். அந்தக் குறிப்பு இப்போதும் அங்கே இருக்கிறது:

'அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் புதன்கிழமை தாங்கள் பார்த்த கதவு ஒன்பதாம் வாரத்துக்கு உரியது. ஆறாம் வாரத்தில் வந்தது தவறு. கதவை யாரும் திறக்கவில்லை, யாரும் சாத்தவும் இல்லை. மாமியார் மேல் குற்றம் கிடையாது. தவறுக்கு வருந்துகிறேன். இப்படிக்கு, திரைச்சீலை தைத்தவர்.'

இதன் கீழே கடையின் முழு முகவரி. முகவரி வேண்டுமா அக்கா என்று சென்டர்காரர் கேட்டிருக்கிறார். முகவரி இல்லாவிட்டால் மொட்டைக் கடுதாசி ஆகிவிடும் என்று சொல்லிவிட்டாள்.

ரசிகர்கள் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. தைத்தவருக்குக் கதையைப் பற்றி என்ன தெரியும் என்று அளவுகோல்காரர் கேட்டார். இது மாமியார் தரப்பு ஆள் என்று ஒருவர் எழுதினார். கம்பெனியே ஆள் வைத்து உண்மையை மூடப் பார்க்கிறது என்று மூன்று பேர் எழுதினார்கள். முதலில் கதவைக் கண்டுபிடித்த அந்த நர்ஸ் மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள்: அப்படியானால் ஒன்பதாம் வாரம் இதே கதவு மறுபடி வருமா? அது ஒன்றுதான் புத்தியுள்ள கேள்வி என்றாள் சித்தி. வரும் என்று பதில் போட்டாள். வந்தது.

அந்த ஒன்பதாம் வாரத்தில்தான் மேனேஜர் ஒரு தாளைக் கையில் பிடித்தபடி சாமான் அறைக்கு வந்தார். சேனலில் வேலை செய்யும் யாரோ அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, சித்தியின் குறிப்பை அச்செடுத்து அனுப்பியிருந்தார்.

"அக்கா, இது நீங்களா?"

சித்தி தாளை வாங்கி முழுவதும் படித்தாள். "நான்தான் சார்."

"அட்ரஸ் வேற போட்டிருக்கீங்க."

"யாராவது கேட்டு வந்தா பதில் சொல்லணும்ல."

மேனேஜர் கோபமாக இல்லை. அதுதான் சிக்கல் என்கிறாள் சித்தி. கோபமாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கதவைச் சாத்தியது யார் என்று கேட்டு சேனலுக்கு மூட்டையாகக் கடிதம் வந்திருந்தது. சேனலுக்கு மகிழ்ச்சி. அடுத்த மாதம் மாமியாரே தாழ்ப்பாளில் கை வைப்பதுபோல் காட்சி எழுதியாகிவிட்டது. இடையூறாக நிற்பது சித்தியின் குறிப்பு மட்டும்தான். அவள் இரண்டு காரியம் செய்தால் போதும். முன்பு எழுதியது தவறு, எல்லாமே திட்டமிட்டு நடந்ததுதான் என்று இன்னொரு குறிப்பு போடவேண்டும். கதவுத் திரைகளை இதோடு நிறுத்தவேண்டும், ஏனென்றால் கதவு முழுதாகத் திறந்துவிட்டால் மருமகள் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள், போய்விட்டால் தொடர் எங்கே போவது? இவ்வளவையும் செய்தால், கதவு எப்படி உள்ளே வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. சாவி அவளிடமே இருக்கட்டும்.

"தப்பே நடக்கலைன்னு எழுதணுமா சார்?"

"ஆமா. ரெண்டு வரி."

"நோட்டுல இருக்கே."

"நோட்டை யாருக்கா பாக்கப் போறாங்க?"

சித்தி ஒருநாள் அவகாசம் கேட்டாள். இரண்டாவது நிபந்தனையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் இல்லை, கம்பெனி ஜன்னல், கம்பெனி இஷ்டம். முதலாவதுதான் ஒத்துவரவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டுகளை எல்லாம் எடுத்துத் தரையில் அடுக்கினாள். ஒன்பது வருடம், பதினேழு நோட்டு.

"ரெண்டு வரிதானே," என்றார் சித்தப்பா. "எழுதிக் குடுத்துட்டு வா. அந்தச் சாவி இல்லாம உனக்குக் குளிக்கக்கூடத் தெரியாது."

"ரெண்டு வரி எழுதினா இது பதினேழும் பொய்யாயிடும்."

சித்தப்பா நோட்டுகளைப் பார்த்தார். பிறகு டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவரால் முடிந்தது அது.

மறுநாள் சித்தி சங்கிலியோடு சாவியைக் கழற்றி மேனேஜரின் மேஜையில் வைத்தாள். சங்கிலி அவளுடையது என்று அவர் ஞாபகப்படுத்தினார். சாவியை மட்டும் உருவிக் கொடுத்தாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடு, கதவு போட்ட திரைகளையும் ஒப்படைக்கச் சொன்னார். சித்தி பன்னிரண்டையும் எடுத்துவந்து வைத்தாள். மேனேஜர் ஒவ்வொன்றாகப் பிரித்து, கதவைத் தேடிக் கண்டுபிடித்து, ஓரமாகப் போட்டார். பதினொன்று ஆனது. பன்னிரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். இலைகள்தான் இருந்தன.

"இது சும்மா டிசைன்," என்று அவரே சொல்லிக்கொண்டு அதை அலமாரியில் திரும்ப வைத்தார்.

அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்கிறாள். பொய் எழுத மாட்டேன் என்று சாவியையே கொடுத்தவள், சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

சாவி மேக்கப்காரரின் மைத்துனரிடம் போனது. நாற்பது வயது, அதற்கு முன் மருந்துக் கடையில் வேலை. மூன்றாம் நாள் காலை அவர் வேர்த்து விறுவிறுத்துக் கடைக்கு வந்தார். பூட்டு திறக்கவில்லை, மாமியாரும் மாமனாரும் மேக்கப்போடு காத்திருக்கிறார்கள்.

"சாவியை லேசாத் தூக்கிட்டுத் திருப்பணும். தள்ளக் கூடாது."

அவர் தூக்குவதுபோலக் காற்றில் செய்து பார்த்துக்கொண்டார். போகிறபோக்கில் இன்னொன்றும் கேட்டார். முன்பு எடுத்த காட்சிகளின் போட்டோவில் அந்த ஜன்னலுக்கு இலைத் திரை இருக்கிறது, ஆனால் அறையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதை மாட்டலாமா, வேறு நிறத்துக்குப் போகலாமா?

சித்தி தையலை நிறுத்தினாள்.

"அதையே மாட்டுங்க. வேற மாத்திடாதீங்க. கன்டினியூட்டி."

அவர் மாற்றவில்லை. புதியவர் என்பதால் பயம். தொடர் அதன் பிறகு இரண்டு வருடம் ஓடியது. இரண்டு வருடமும் அந்த ஜன்னலில் அந்த ஒரே திரைதான். மருமகள் அதன் முன்னால் நின்று தினமும் அழுதாள். மாமியார் தாழ்ப்பாளில் கை வைக்கும் காட்சி வந்து, பெரிய வெற்றி பெற்றது. தாடியும் சுருட்டையும் திட்டம் பாதியில் நின்றுவிட்டது என்று அறிவித்து, அப்படி நின்றதற்கும் ஒரு விளக்கம் எழுதிவிட்டு, பக்கத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டார்கள். சித்தி கடையில் கடைசியாகச் சுருட்டையைப் பார்த்தபோது, திரை இன்னும் தொங்குவதைச் சொன்னாள். சுருட்டை வெளியூர் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருந்தாள்.

சித்தி மட்டும் ஏழரைக்குப் பார்த்தாள். முதல் நாள் அந்தத் திரை டிவியில் வந்தபோது சித்தப்பா, என்னம்மா தெரிகிறது என்று கேட்டிருக்கிறார். "இஸ்திரி போடாம மாட்டியிருக்காங்க," என்றாளாம்.

சித்தி சொல்லி முடித்த பிறகு நான் மறுபடி அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து, பதிவேட்டைக் கடைசிவரை படித்தேன். வகுப்பில் அவ்வளவு தூரம் காட்டவில்லை. ஓவியர்கள் போன பிறகும் சிலர் வந்து எழுதியிருக்கிறார்கள். கதவு காணாமல் போய்விட்டது என்று புலம்பியிருக்கிறார்கள். அளவுகோல்காரர் விடைபெற்றிருக்கிறார். எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு குறிப்பு, அந்த நர்ஸ் எழுதியது. அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. அதைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன்:

'கதவு எங்கும் போகவில்லை. முழுதாகத் திறந்திருக்கிறது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.'

சித்தி கையிலிருந்த துணியை மடியில் வைத்தாள்.

"எத்தனாம் வாரம்?"

தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பதினைந்தாம் வாரம்.

அவள் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினாள். அந்தத் திரை டிவியில் வரத் தொடங்கியது பன்னிரண்டில். மூன்று வாரம் தள்ளியிருக்கிறது.

"இஸ்திரி போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்," என்றாள்.